கேஸ் ஸ்டேஷன் மனையில் புதுக் கடை, பீர்-வைன், கார் வாஷ்: கலிஃபோர்னியா சி.யு.பி. எங்கே தடுக்கும்?

#1 மூலைமனை
சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஒரு மூலை மனை. 22,000 சதுர அடி, பொது வணிக மண்டலம். 1970களிலிருந்து கேஸ் ஸ்டேஷன். நான்கு பம்ப், இரண்டு ரிப்பேர் ஷெட். உரிமையாளர் கேட்பது: ஷெட்டை இடித்துவிட்டு 2,800 சதுர அடியில் கன்வீனியன்ஸ் கடை, பீர்-வைன், 24 மணி நேர வியாபாரம், பின்பக்கம் டனல் கார் வாஷ். பின்வேலியை ஒட்டி வீடுகள். நகரத்தின் பயன்பாட்டு அட்டவணையில் கேஸ் ஸ்டேஷன், கார் வாஷ், மது விற்பனை மூன்றுக்கும் 'சி' என்று போட்டிருக்கிறது, அதாவது சி.யு.பி. என்ற நிபந்தனையோடு கூடிய பயன்பாட்டு அனுமதி வேண்டும். படிவம் இரண்டே பக்கம். உண்மையில் எந்த வேலையை முதலில் தொடவேண்டும்?

#2 வரைபலகை
படிவம் இரண்டு பக்கம்தான், அதோடு இணைக்கவேண்டியது இருபது பக்கம்.

அட்டவணையில் 'பி' இருந்தால் அது உரிமை. கட்டட விதிக்குப் பொருந்தினால் போதும், அனுமதி கொடுத்தாக வேண்டும். 'சி' என்றால் இந்த மண்டலத்தில் அந்தத் தொழில் நடக்கலாம், ஆனால் இந்த மனையில் நடக்கலாமா என்று நகரம் தனியாகப் பார்த்துத்தான் சொல்லும். மறுக்கவும் அதிகாரம் உண்டு. அதனால் 'விதியை எல்லாம் பூர்த்தி செய்துவிட்டோம்' என்று நகரத் திட்டக் கமிஷன் முன் நின்று வாதாடுவதில் பலன் இல்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு.

முதல் வேலை, பழைய கோப்பை நகர அலுவலகத்தில் எடுத்துப் பார்ப்பது. 1970களில் வந்த ஸ்டேஷன் என்றால் பழைய சி.யு.பி. ஒன்று இருக்கலாம். அப்படியானால் இது திருத்த விண்ணப்பம், பழைய நிபந்தனைகள் இன்னமும் உயிரோடு இருக்கின்றன. சி.யு.பி. கட்டாயமாவதற்கு முன்பே தொடங்கியிருந்தால் அது 'விதிக்கு முந்தைய சட்டபூர்வப் பயன்பாடு'. அதை விரிவாக்க முடியாது. அதைவிட மோசம், தொடர்ந்து சில மாதங்கள் மூடிக் கிடந்தால் உரிமையே போய்விடும். பல ஊர்களில் ஆறு மாதம், சில ஊர்களில் ஒரு வருடம். தொட்டி மாற்ற ஸ்டேஷனை மூடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

#3 தொட்டிப்பக்கம்
மேலே சொன்னது சும்மா பயமுறுத்தல் இல்லை. ஒற்றைச் சுவர் நிலத்தடித் தொட்டிகள் எல்லாவற்றையும் 2025 டிசம்பர் 31க்குள் நிரந்தரமாக மூடவேண்டும் என்று 2014இலேயே மாநிலம் சட்டம் போட்டது. பழைய ஸ்டேஷன் என்றால் முதலில் பார்க்கவேண்டியது தொட்டி இரட்டைச் சுவரா என்பதுதான். தொட்டிக்கான அனுமதி தரும் உள்ளூர் அமைப்புக்குப் பெயர் 'கூபா'. சி.யு.பி., சி.யு.பி.ஏ. என்று ஒரே எழுத்துகளாக இருப்பதால், உரிமையாளர் ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது வழக்கம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பம்ப், ஆவி மீட்புக் கருவி மாற்றினால் காற்றுத் தரத்தைக் கண்காணிக்கும் மாவட்ட அமைப்பின் அனுமதி தனி. கடையில் உணவு விற்றால் கவுண்டி சுகாதாரத் துறையின் வரைபடச் சோதனை தனி.

அடுத்து மாநில நீர் வாரியத்தின் ஜியோடிராக்கர் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எப்போதாவது எரிபொருள் கசிவுப் பதிவு இருந்ததா? மனை 'கார்ட்டீஸ் பட்டியலில்', அதாவது அபாயப் பொருள் கலந்த மனைகளின் மாநிலப் பட்டியலில் இருந்தால் சீக்வா (மாநிலச் சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டம்) விலக்குகள் அடிபட்டுப் போகும். விண்ணப்பத்தோடு அந்தப் பட்டியலைப் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் வேண்டும். 'கசிவுக் கோப்பை மூடியாயிற்று' என்று கடிதம் இருந்தாலும் அதை விண்ணப்பத்தோடு கொடுத்து, நகர வழக்கறிஞர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஹியரிங்குக்கு (கமிஷனின் பொது விசாரணைக்கு) இரண்டு நாள் முன்பு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடிதத்தில் அது முதன்முதலாகத் தலைகாட்டினால் தேதி தள்ளிப்போவது நிச்சயம்.

#4 மூலைமனை
நன்றி. தொட்டி இரட்டைச் சுவர். பழைய கசிவு ஒன்று உண்டு, மூடல் கடிதம் இருக்கிறது.

ஒரு யோசனை. கடையை மட்டும் இப்போது போட்டால் சீக்வாவின் சிறு கட்டட விலக்கில், அதாவது அதன் வழிகாட்டு விதி 15303இல் அடங்கும். கார் வாஷை அடுத்த வருடம் தனி விண்ணப்பமாகப் போடலாமே?

#5 இரட்டைக்கோடு
வேண்டாம். இதற்குத்தான் சீக்வாவில் 'துண்டு துண்டாகப் பிரித்தல்' என்று பெயர். ஒரே உரிமையாளர், ஒரே மனை, ஒரே வரைபடத்தில் கார் வாஷுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கட்டம் எதிர்பார்க்கக்கூடியது என்றால் முதல் கட்டத்தோடு சேர்த்தே ஆய்வு செய்யவேண்டும். அடுத்த வருடம் கார் வாஷ் விண்ணப்பம் உள்ளே போன அன்றே முதல் விலக்கைக் காட்டி கேள்வி கேட்பார்கள்.

15303இல் நகர்ப்புறத்தில் மொத்தம் 10,000 சதுர அடி வரை கடைக் கட்டடம் அடங்கும் என்பது சரி. ஆனால் அதே வரியில், கணிசமான அளவு அபாயப் பொருள் புழங்கக்கூடாது என்றும் இருக்கிறது. கேஸ் ஸ்டேஷனில் அந்த ஒரு சொல்லை வைத்தே வாதாடலாம். 15332, அதாவது ஐந்து ஏக்கருக்குள் அடங்கும் ஊர் நடுவிலுள்ள மனைக்கான விலக்கு, பரவாயில்லை. ஆனால் போக்குவரத்து, ஒலி, காற்று, நீர் நான்கிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று ஆய்வோடு காட்டவேண்டும். கார் வாஷ் இருந்தால் ஒலியில் இடிக்கும்.

விலக்கு கிடைக்காவிட்டால் 'பாதிப்பு தணிக்கப்பட்ட அறிவிப்பு' வழி, அதாவது பாதிப்பை இன்னின்ன வகையில் தணிக்கிறோம் என்று ஆய்வோடு காட்டும் ஆவணம். பொதுமக்கள் பார்வைக்கு 20 நாள், மாநிலத் துறைகளுக்கு ஆவணத்தை அனுப்பும் கிளியரிங்ஹவுஸ் வழியாகப் போனால் 30 நாள். பழங்குடியினர் கலந்தாய்வு அறிவிப்புக்குப் பதில் தர அவர்களுக்கு 30 நாள். ஆய்வறிக்கை எழுதும் காலம் இதில் சேரவில்லை.

என் கருத்து: கார் வாஷை முழுக்க விட்டுவிடுங்கள். 22,000 சதுர அடியில் அது திணிப்பு.

#6 வரைபலகை
// கார் வாஷை முழுக்க விட்டுவிடுங்கள் //

அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டியதில்லை. விலக்கில் சிக்கல் இருந்தால் தணிக்கப்பட்ட அறிவிப்போடு போகலாம், காலம்தான் கூடும். ஆனால் இடம் போதுமா என்பதைக் கட்டடக் கலைஞர் வரையத் தொடங்கும் முன்பே கழித்துப் பார்க்கவேண்டும்.

பே ஏரியாவின் மழைநீர் அனுமதிப்படி, 5,000 சதுர அடிக்கு மேல் கெட்டித் தளம் புதிதாக வந்தாலோ மாற்றினாலோ சுத்திகரிப்பு கட்டாயம். மழைநீரை மண்ணும் செடியும் வடிகட்டும் உயிர்வடிப் பாத்திக்குத் தோராயமாக தளப்பரப்பில் 4 சதவீதம். 20,000 சதுர அடி தளம் என்றால் 800 சதுர அடி பாத்தி. 9க்கு 18 அடி பார்க்கிங் இடம் ஒன்று 162 சதுர அடி, ஆக ஐந்து வண்டி இடம் அங்கேயே போய்விட்டது. பழைய கசிவு உள்ள மண்ணில் நீரை உள்ளே இறங்க விட மாட்டார்கள். பாத்திக்கு அடியில் தடுப்பு விரிப்பும் வடிகுழாயும் போடவேண்டும், செலவு கூடும்.

கார் வாஷ் வரிசைக்கு வண்டிக்கு 25 அடி. ஆறு வண்டி நிற்க 150 அடி. இந்த வரிசை பம்ப் அருகில் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தை மறித்தால் போக்குவரத்துப் பொறியாளர் அங்கேயே சிவப்புப் பேனா எடுப்பார். டேங்கர் லாரி நுழைந்து, தொட்டி வாய் அருகே நின்று, தெருவில் பின்னோக்கி வராமல் வெளியேறும் பாதையை அளவோடு வரைந்து காட்டவேண்டும். சந்திக்கு மிக அருகில் இருக்கும் வாசலை மூடச் சொல்வது அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. மூடிய பிறகு டேங்கர் வளையுமா என்று அதற்குப் பின் யோசித்துப் பயனில்லை.

ரயில் நிலையம் போன்ற பெரிய போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் மனை இருந்தால், 2023 முதல் நகரம் குறைந்தபட்சப் பார்க்கிங் கேட்க முடியாது. ஏ.பி. 2097 என்ற மாநிலச் சட்டம். அதை விண்ணப்பத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.

#7 டெசிபல்
கார் வாஷ் ஒலி பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், மன்னிக்கவும்.

சத்தத்தின் மூலம் தண்ணீர் இல்லை, கடைசியில் வரும் உலர்த்தி ஊதுவிசிறி. டனலின் வெளிவாசலில்தான் அது இருக்கும். உற்பத்தியாளர் தாளில் 10 அடியில் 85 டெசிபல் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிப்பானால் 6 குறையும். 20 அடியில் 79, 40 அடியில் 73. உங்கள் பின்வேலி 40 அடியில் என்றால் 73. எட்டடிச் சுவர் கட்டினால் எட்டு போல குறையும் என்று தாராளமாக வைத்தாலும் 65. வீட்டு எல்லையில் பகலில் 55 என்று வரம்பு வைத்திருக்கும் ஊரில் இது பத்து அதிகம். பத்து என்றால் காதுக்கு இரட்டிப்புச் சத்தம்.

சுவரை உயர்த்துவது பலரும் முதலில் எடுக்கும் தீர்வு. மாடி ஜன்னலுக்கு அது உதவாது. செய்யவேண்டியது டனலின் வெளிவாசலைத் தெருப்பக்கம் திருப்புவது, ஊதுவிசிறியை வாசலிலிருந்து உள்ளே தள்ளி வைப்பது, ஒலியடக்கி போட்ட மாடலைத் தேர்ந்து அதன் தாளையே ஆய்வில் இணைப்பது, காய்ந்து முடியும் வரை கதவு மூடியிருக்கும்படி அமைப்பது. வாக்குவம் கருவிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலியோரம் வைத்துவிட்டு அப்புறம் புகார் வரும். அவற்றைத் தெருப்பக்கம் வையுங்கள். நேர வரம்பைக் கமிஷன் போடும் வரை காத்திருக்காமல் விண்ணப்பத்திலேயே காலை 8 முதல் இரவு 8 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

தண்ணீர் பக்கம் ஒரே வரி: 2014க்குப் பின் அனுமதி பெறும் டனல் கார் வாஷ் கழுவும் நீரில் 60 சதவீதமாவது மறுசுழற்சி செய்யவேண்டும். அந்தத் தொட்டிக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும்.

#8 பின்வேலி
இந்த மாதிரி ஒரு மனைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்காரர்கள் என்ன செய்யவேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்களேன். அஞ்சலட்டை வந்தது, பத்து நாள்தான் இருக்கிறது.

#9 மூலைமனை
:) எதிர்க்கட்சி வந்தாச்சு.

#10 வரைபலகை
வரட்டும், இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

மாநிலச் சட்டப்படி ஹியரிங்குக்கு 10 நாள் முன்பு, மனையிலிருந்து 300 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்பு போகவேண்டும். பல ஊர்கள் 500 அடி, 1,000 அடி என்று கூட்டியிருக்கின்றன. அது குறைந்தபட்ச கெடு, கோப்பை அதற்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம். நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பு வெளியாக வேண்டும், ஊழியர் அறிக்கையும் பெரும்பாலும் அதோடு வந்துவிடும். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். முதலில் எழுதினால் காற்றில் எழுதுவதாகிவிடும்.

'எங்களுக்குப் பிடிக்கவில்லை', 'வீட்டு மதிப்பு குறையும்' என்று நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, 'மாலை 5 முதல் 6 வரை சந்தியில் இடப்பக்கம் திரும்பும் வரிசை இந்த வாசலைத் தாண்டி நிற்கிறது' என்ற ஒரே கடிதம் வலுவானது. நேரில் பார்த்த உண்மை ஆதாரமாக நிற்கும், பயம் நிற்காது. பக்கத்துக் கடைக்கு வியாபாரம் குறையும் என்பதை மட்டும் வைத்து எந்த ஊழியரும் மறுப்பு எழுத முன்வர மாட்டார். ஒலி ஆய்வில் மாடி ஜன்னல் கணக்கில் இருக்கிறதா, விதானத்தின் எல்.இ.டி. விளக்கு உள்ளடங்கியதா, எல்லைக்கோட்டில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, இதைக் கேளுங்கள்.

முக்கியம்: ஹியரிங் முடிவதற்குள் எழுத்திலோ பேச்சிலோ எழுப்பாத விஷயத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. வழக்குப் போட 90 நாள், அதற்குள் நோட்டீஸ் நகரத்தின் கையில் சேர்ந்திருக்கவும் வேண்டும். சீக்வா விலக்கை எதிர்ப்பதானால் விலக்கு அறிவிப்பு கவுண்டி கிளார்க்கிடம் பதிவான நாளிலிருந்து 35 நாள்தான். பதிவே செய்யாவிட்டால் 180. (மூலைமனை, இது உங்களுக்கும்தான். தீர்ப்பு வந்த மறுநாளே அந்த அறிவிப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நூற்று நாற்பத்தைந்து நாள் மிச்சம்.)

#11 இரட்டைக்கோடு
பீர்-வைன் பற்றி யாரும் பேசவில்லை.

கேஸ் ஸ்டேஷனில் பீர்-வைன் விற்பதை நகரம் ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது. இரண்டும் தனித்தனியாக அனுமதிக்கப்பட்ட மண்டலத்தில் சேர்த்து விற்கவும் சி.யு.பி. வழியாவது விடவேண்டும், மறுத்தால் எழுத்தில் ஆதாரத்தோடு காரணம் சொல்லவேண்டும். மாநிலத்தின் வணிக-தொழில் சட்டம் 23790.5. அதே பிரிவு கடை உள் அமைப்பையும் சொல்லிவிடுகிறது. கல்லாவுக்கும் முன்கதவுக்கும் ஐந்து அடிக்குள் பீர்-வைன் வைக்கக்கூடாது, நிலையாகப் பொருத்திய குளிர்பெட்டி என்றால் மட்டும் வைக்கலாம். ஐஸ் தொட்டியில் வைத்து விற்கக்கூடாது. வண்டி ஜன்னல் வழியே கூடாது. பம்ப் மேடையில் மது விளம்பரம் கூடாது. இரவு 10 முதல் 2 வரை விற்பவருக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும். 2,800 சதுர அடியில் கல்லா, கதவு, குளிர்பெட்டி மூன்றின் இடத்தை வரைபடத்தில் அளவோடு காட்டினால் காவல்துறைக் குறிப்பு பாதி குறையும்.

மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறையான ஏ.பி.சி.யின் டைப் 20 உரிமம் (பீர்-வைன் சில்லறை விற்பனைக்கு) தனி. அந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதியில் மது உரிமக் கடைகள் கவுண்டி விகிதத்தைவிட அதிகம், அல்லது குற்றப் பதிவு சராசரியைவிட 20 சதவீதம் கூடுதல் என்றால் 'பொது வசதி அல்லது தேவை' என்று நகரத்தின் தீர்மானமும் வேண்டும். அதை சி.யு.பி.யோடு ஒரே இரவில் கேட்டுவிடுங்கள். இரண்டு ஹியரிங் என்றால் எதிர்ப்பாளர்களை இரண்டு முறை அழைத்து உட்காரவைப்பது மாதிரி.

24 மணி நேரம் என்பது வேறு, 24 மணி நேர மது என்பது வேறு. அதிகாலை 2 முதல் 6 வரை மாநிலம் முழுக்க மது விற்பனை கிடையாது. விண்ணப்பத்தில் இதைப் பிரித்து எழுதாமல் விட்டால் 'விடிய விடிய சாராயக் கடை' என்று தெருவில் பரவிவிடும்.

#12 தொட்டிப்பக்கம்
நிபந்தனைகளைப் பற்றி ஒரு கேள்வி. வரைவு நிபந்தனை 60, 70 வருகிறது. அதில் எதை எதிர்க்கலாம்?

#13 வரைபலகை
பெரும்பாலானவை எல்லா மனைக்கும் ஒட்டும் பொது வரிகள். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்று வகையை மட்டும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

ஒன்று, நிலம் கொடு, சாலை போடு என்பவை. இதற்கு அடிப்படை டோலன் வழக்கு. ஓரிகனின் டைகார்ட் நகரில் ஒரு பிளம்பிங் கடையை 9,700இலிருந்து 17,600 சதுர அடியாக்க அனுமதி கேட்டபோது, வெள்ளச் சமவெளிக்கும் சைக்கிள் பாதைக்கும் சுமார் 7,000 சதுர அடி, மனையில் பத்தில் ஒரு பங்கை, கொடு என்றது நகரம். கடையால் வரும் பாதிப்புக்கும் கேட்கும் நிலத்துக்கும் தோராயமான அளவுப் பொருத்தம் வேண்டும் என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நகர, கவுண்டி மன்றங்கள் பொது விதியாகப் போட்ட கட்டணத்துக்கும் இந்த அளவுகோலிலிருந்து விலக்கில்லை என்று 2024இல் ஷீட்ஸ் வழக்கில் வந்தது. ஆக, உங்கள் கடையால் கூடும் வண்டி எத்தனை, சிக்னல் செலவில் பங்கு எவ்வளவு என்ற கணக்கைக் கேளுங்கள். கேஸ் ஸ்டேஷனுக்கு வரும் வண்டிகளில் பெரும்பங்கு ஏற்கெனவே அந்தச் சாலையில் போகிறவை, அவற்றைப் பொறியாளர் கணக்கிலிருந்து கழித்திருக்கிறாரா பாருங்கள். கட்டணத்தை எதிர்ப்பதானால் எதிர்ப்புக் கடிதத்தோடு கட்டவேண்டும், 90 நாள் கெடு. வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டு, 'இந்த உரிமையாளருக்கு மட்டும், விற்றால் செல்லாது' என்ற வரி. சி.யு.பி. மனையோடு போவது, ஆளோடு போவதில்லை. 1987இல் பர்லிங்கேம் நகரத்துக்கு எதிரான ஆன்சா பார்க்கிங் வழக்கில் இது முடிந்துபோன விஷயம். இன்னும் சில ஊர்களின் பழைய மாதிரிப் படிவத்தில் அந்த வரி உட்கார்ந்திருக்கிறது.

மூன்று, அளவு இல்லாத சொற்கள். 'போதுமான காவலாளி', 'திருப்திகரமான பராமரிப்பு' என்றால் யாருக்குத் திருப்தி? எத்தனை கேமரா, எத்தனை நாள் பதிவு, எத்தனை மணிக்குக் குப்பை அள்ளுவது என்று எண்ணாக மாற்றுங்கள். நாளை புகார் வந்தால் அந்த எண்தான் உங்களைக் காக்கும். பின்வேலிக்காரருக்கும் அதுவே நல்லது, மீறினால் காட்ட ஒரு எண் கையில் இருக்கும்.

கூடவே, அனுமதி காலாவதி. ஒரு வருடமோ இரண்டு வருடமோ. 'பயன்படுத்தத் தொடங்கியது' என்றால் கட்டட அனுமதி வாங்கியதா, அடித்தளம் போட்டதா, கடை திறந்ததா என்று நகர விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

#14 மூலைமனை
ஹியரிங் அன்று யார் பேசுவது? உரிமையாளருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும்.

#15 இரட்டைக்கோடு
அவர் இரண்டு நிமிடம் பேசட்டும், யார் கடை நடத்தப்போகிறார் என்று கமிஷனர்கள் பார்க்க விரும்புவார்கள். மீதி கட்டடக் கலைஞர். ஒலி ஆய்வு செய்தவர் அறையில் கட்டாயம் இருக்கவேண்டும். கேள்வி வந்து பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் பேச்சைவிடத் தீர்மானத்தின் வாசகம் முக்கியம். ஆதாரத்திலிருந்து முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று காரணம் எழுதியிருக்கவேண்டும் என்பது 1974இன் டோபாங்கா வழக்கு. இடம் பொருத்தம், மனையின் அளவு போதும், சாலை தாங்கும், அக்கம்பக்கத்துக்குக் கேடில்லை, பொதுத் திட்டத்துக்கு இசைவு: இந்த ஐந்துக்கும் நகர விதியின் சொற்களிலேயே வரைவு எழுதி, ஒவ்வொன்றிலும் ஆய்வின் பக்க எண் போட்டு, விண்ணப்பத்தோடு கொடுங்கள். வேலைப்பளுவில் இருக்கும் பிளானர் அதை எடுத்துக்கொள்வார்.

கமிஷனர்களைத் தனியாகக் காபிக்குக் கூப்பிடாதீர்கள். இது தீர்ப்பு மாதிரியான நடைமுறை; பேசினால் அவர் அதை மேடையில் வெளிப்படுத்த வேண்டியிருக்கும்.

#16 பின்வேலி
நன்றி. கோப்பு கேட்டிருக்கிறேன். ஒலி ஆய்வில் மாடி ஜன்னல் இல்லை.

#17 டெசிபல்
கடிதத்தில் அதையே முதல் வரியாகப் போடுங்கள். ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி, வேலியிலிருந்து எத்தனை அடி என்று இரண்டு அளவையும் சேர்த்து.

#18 மூலைமனை
டனலைத் திருப்பினால் வரிசைக்கு 150 அடி கிடைக்கவில்லை, 95 அடிதான் வருகிறது. மூன்று வண்டி. உரிமையாளரிடம் கார் வாஷ் இல்லாத வரைபடம் ஒன்றும் அதே இடத்தில் இரண்டு மின்வண்டி வேகச் சார்ஜரும் வைத்துக் காட்டப்போகிறேன்.

#19 வரைபலகை
சார்ஜருக்குப் பொதுவாக சி.யு.பி. தேவையில்லை, ஏ.பி. 1236படி சுருக்க அனுமதிதான். ஆனால் மின் நிறுவனத்திடம் டிரான்ஸ்ஃபார்மர் இடத்தை இப்போதே கேளுங்கள், அதற்கும் தளமேடை வேண்டும். மழைநீர்ப் பாத்திமேல் வைத்துவிடாதீர்கள்.